நம்ம ரெஞ்சு

பிளம்பருடைய மனைவி போனில் போட்ட சத்தம் பக்கத்தில் ஏணிமேல் நின்ற பெயிண்டருக்கே கேட்டது.

"ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுற மனுஷன் வீட்டுல குழாய் புட்டுக்கிட்டு நிக்குது! வால்வ மூடிட்டேன். இப்ப கீழ் வீட்டுக்கும் தண்ணி போகல. வீட்டுக்காரம்மா தலையெல்லாம் நுரையோட வாசல்ல நிக்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள தண்ணி வரலன்னா வேற வீடு பாத்துக்கச் சொல்லிட்டாங்க. கேக்குதா?"

"கேக்குது. பின்னால அவங்க கத்துறதும் கேக்குது."

வீட்டில் இருப்பது துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய். பெரிய பைப் ரெஞ்சு போட்டு முறுக்கினால்தான் அசையும். ரெஞ்சு பிளம்பரிடம் இருந்தது. ஆனால் அது கம்பெனிக்குள் இருந்தது. சிக்கலே அங்கேதான்.

போன வருஷம் மேனேஜர் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார். "இது நம்ம கம்பெனி. நாம ஒரு குடும்பம். குடும்பத்துல எவனாவது கரண்டிக்கு வாடகை கேப்பானா? அவங்கவங்க சாமான அவங்கவங்களே கொண்டு வாங்க. அப்பத்தான் வேலையில ஒரு ஒட்டுதல் வரும்."

அன்றோடு அவருக்கு 'நம்ம சார்' என்று பெயர் விழுந்தது. பெயிண்டர் ஏணியைத் தூக்கி வந்தார். துப்புரவு அக்கா விளக்குமாறும் துணியும் கொண்டு வந்தாள். வாசல் காவலாளி வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைக் கொண்டு வந்தார்; அவர் வீட்டில் இப்போது விருந்தாளி வந்தாலும் நிற்க வேண்டியதுதான். பிளம்பர் ரெஞ்சைக் கொண்டு வந்தார்.

அந்த ரெஞ்சைத்தான் இப்போது துணிப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். காவலாளி பையைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, இரும்பாட்டம் இருக்கே."

"என் ரெஞ்சுப்பா. கொண்டு வந்தப்ப நீதானே கேட்டத் தொறந்துவிட்ட?"

"தொறந்தேன். உள்ள வர்றத யாரும் கேக்கமாட்டாங்க, வெளிய போறதத்தான் கேப்பாங்க. யானை வாயில போன கரும்புண்ணே இது. என் நாற்காலியவே நான் இங்க விட்டுட்டுத்தான் போறேன். சார் ஒரு வார்த்த சொல்லட்டும், விடுறேன்."

பிளம்பர் நம்ம சாரிடம் போனார்.

"சார், வீட்டுல குழாய் உடைஞ்சுபோச்சு. ரெஞ்ச எடுத்துட்டுப் போய்க் காலையில கொண்டாந்துடுறேன்."

நம்ம சார் பதறிப்போனார். "நம்ம ரெஞ்சையா? நல்லா வேலை செய்யுற சாமான எப்படிங்க வெளிய விடுறது? இன்னைக்கு ரெஞ்சும்பீங்க, நாளைக்குக் கட்டடத்தையே சுருட்டிட்டுப் போவீங்க."

"அது என் ரெஞ்சு சார். தண்ணி வரலன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்றாங்க."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா என்னுது உன்னுதுன்னு பிரிச்சுப் பேசுனா அப்புறம் அது குடும்பமாங்க?"

அந்த நேரம் பார்த்துப் பெயிண்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சார், ஏணியில ஒரு படி முறிஞ்சிருச்சு. கம்பெனில ஒரு கட்டை குடுத்தீங்கன்னா..."

"உங்க ஏணி, உங்க படி. அதுக்குக் கம்பெனி என்னங்க பண்ணும்?" நம்ம சாரின் குரலே மாறிவிட்டது. "உடைஞ்ச சாமான இங்க போடாதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிட்டு வாங்க." உடனே வாசலுக்குப் போன் போட்டார். "பெயிண்டர் ஏணியோட வர்றாரு. அது அவரோட சொந்தச் சாமான். விட்டுடு."

பிளம்பருக்குப் பொறி தட்டியது. நேராக மோட்டார் அறைக்குப் போனார். பைப் ரெஞ்சின் திருகு வளையத்தைக் கடைசிவரை சுற்றினால் மேல்தாடை தனியாகக் கழன்று கையோடு வந்துவிடும். எண்ணெய் போட அவர் எப்போதும் செய்வதுதான். ரெஞ்சைக் கையால் தொட்டறியாதவர்களுக்கு அது உடைந்த மாதிரியே இருக்கும்.

இரண்டு துண்டையும் செத்த எலியை வைப்பதுபோல் நம்ம சாருடைய மேஜைமேல் வைத்தார்.

"சார், நம்ம ரெஞ்சு ரெண்டாப் போச்சு."

"நம்ம ரெஞ்சா? உங்க ரெஞ்சுங்க! எடுங்க முதல்ல, மேஜையெல்லாம் எண்ணெய்." போன் மறுபடி வாசலுக்குப் போனது. "பிளம்பரையும் விட்டுடு. அது அவரோடதுதான். கம்பெனிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

கேட்டைத் தாண்டியதும் பிளம்பர் நின்று, தாடையைச் செருகி, வளையத்தைத் திருகினார். காவலாளி அதைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் நாற்காலியைப் பார்த்தார்.

"அண்ணே, நாற்காலிக் காலும் இப்படிக் கழலுமா?"

"நாலு ஸ்க்ரூதாம்ப்பா."

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா நுரையைக் கழுவிக்கொண்டு, வீடு காலி செய்கிற பேச்சையும் அதோடு விட்டாள். மனைவி ரெஞ்சைத் துடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"இனிமே இது இந்த வாசப்படியத் தாண்டுச்சு, உங்களையும் சேத்து வெளிய நிறுத்திருவேன்."

அந்த வாரம் கம்பெனியில் என்ன மாயமோ, எல்லாருடைய சாமானும் உடைந்தது. நாற்காலி ஒரு காலை இழந்தது. விளக்குமாறு ஈர்க்கு ஈர்க்காய்ப் பிரிந்தது. நம்ம சாரும் சளைக்காமல், "உங்களுது, உங்களுது" என்று வாசலுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்து அவர் அறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தபடி அலறினார்.

"பிளம்பர்! சீக்கிரம் ரெஞ்ச எடுத்துட்டு வாங்க!"

"எந்த ரெஞ்சு சார்?"

"உங்க ரெஞ்சுங்க!"

"அது உடைஞ்சுபோய் வீட்டுல கெடக்கு சார். நம்ம ரெஞ்சு இருந்தாக் குடுங்க, இதோ மாட்டிடுறேன்."

நம்ம சாரின் சட்டைக் கையில் தண்ணீர் ஓடியது. தரையைத் துடைக்கத் துப்புரவு அக்காவைக் கூப்பிட்டார். அவள் வந்து வாசலோரம் நின்று பார்த்தாள்.

"துணி கிழிஞ்சுபோச்சு சார். நீங்கதான வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க?"