கறுத்துப்போன திரை

ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி அண்ணன் நடத்தும் பாத்திரக் கடையின் மாடியில், ஒரு கம்ப்யூட்டரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் ஜாபர் அலி. தொண்ணூற்றொன்பதாம் வருடம். மில்களில் தறி ஓடுவதைத் திரையில் படமாகக் காட்டும் மெஷினுக்காக, அதை மில்களுக்கு விற்கவிருந்த சேலத்து மாதேஸ்வரன் கொடுத்த வேலை அது. படம் நிற்காமல் ஓடினால் மலையிலேயே இருந்து சம்பளம். இல்லாவிட்டால், மாசமாக இருக்கிற மனைவி சலீமாவை விட்டுவிட்டு மெட்ராசுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

திரையில் படத்தை வரவைக்கும் பாழாய்ப்போன கிராபிக்ஸ் கார்டுதான் அவன் உயிரை வாங்கியது. மெஷினுக்குள் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது கெர்னல் என்கிற தலைமைப் புரோகிராம். ஆனால் படம் வரையும் புரோகிராம் அதை ஒரு வார்த்தை கேட்காமல் கார்டைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைத்தது. அந்தப் புரோகிராம் பாதியில் செத்தால் கார்டு என்ன கதியில் கிடக்கிறதென்று கெர்னலுக்குத் தெரியாது. திரை கறுத்துவிடும், கீபோர்டும் மரத்துவிடும். எதைத் தட்டியும் பலனில்லை, பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதான். பிடுங்கிப் பிடுங்கி அதுவே கைப்பழக்கமாகிவிட்டது.

கடைசியில் கார்டைக் கெர்னலிடமே ஒப்படைத்தான். இனி எந்தப் புரோகிராமும் அதைக் கேட்டுத்தான் வரைய வேண்டும். திரையை எழுப்புவது, அணைப்பது எல்லாம் அதன் பாடு. ஒவ்வொன்றையும் அவனே எழுதினான். எழுதி முடித்தபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

மாதேஸ்வரன் வந்தார். படம் ஓடுவதைப் பார்த்துத் தலையாட்டினார். கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். திரை கறுத்துக் கிடந்தது.

ஜாபர் அலிக்கு மானம் போயிற்று. யோசிக்கவே இல்லை, பிளக்கைப் பிடுங்கினான்.

"பரவால்லீங்க தம்பி," என்றார் மாதேஸ்வரன், பையை எடுத்துக்கொண்டே. "நொம்ப நாளு பாத்தாச்சு. இது ஆவாதுங்க. நீங்க மெட்ராசுக்கே போயிப் பொழைச்சுக்கங்க."

பஸ் கிளம்பும் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. பழக்க தோஷத்தில் மெஷினை மறுபடி ஓடவிட்டு, மேஜை மேல் தலையைச் சாய்த்தான். சலீமா சோறு கொண்டுவந்தபோது திரை மறுபடியும் கறுத்திருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. தட்டு வைக்க இடம் பண்ணக் கீபோர்டை அவள் நகர்த்தினாள். ஏதோ ஒரு பட்டனில் விரல் பட்டது.

திரை பளிச்சென்று வந்தது. தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் நிமிர்ந்தான். எதையும் தொடாமல், கண் கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கறுத்தது. ஒரு பட்டனைத் தட்டினான். வந்தது. கீபோர்டை யாரும் தொடாவிட்டால் திரையை அணைத்துவைப்பது கெர்னலின் வழக்கம். புரோகிராம் கையில் கார்டு இருந்தவரைக்கும் அதற்கு வழியில்லை. இப்போது கார்டு அதன் கைக்கு வந்ததால், தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

"சும்மா கண்ண மூடியிருந்துச்சு சலீமா. செத்துருச்சுன்னு நாந்தான் கொன்னுபோட்டேன்."

"ஏனுங்க, அவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. நம்ப மாட்டாருங்களா?"

"எழுதுன நானே நம்பலியே," என்றான் ஜாபர் அலி.