குறையாத பேட்டரி

எங்கள் காரின் பேட்டரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் கணவர் கிரகோரிக்கு வாய் ஓயாது. "ஞாயித்துக்கிழமை சார்ஜ் போட்டேன். அடுத்த ஞாயிறு பாத்தா அப்படியே ஃபுல்லா இருக்கு. ஒரு பொட்டு குறையல," என்று பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும் அத்தனை பேரிடமும் சொல்வார். அவருடைய நண்பர் ஜோனதன் அதை நம்பி அதே மாதிரி வண்டி எடுத்தார். அவர் வண்டியில் குறைந்தது. "நீ ஒழுங்கா பாத்துக்கல லா," என்று இவர் அவருக்குப் புத்தி சொன்னார்.

நான் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். அந்த பேட்டரி குறையாமல் இருந்ததற்கு நான்தான் காரணம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதைக் காலி செய்துவிட்டு, அவர் வீட்டுக்கு வருவதற்குள் மறுபடியும் நிரப்பி வைத்துவிடுவேன்.

மின்சாரத்திலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் வண்டி அது. முதலில் பேட்டரியில் போகும். அது தீர்ந்தால் பெட்ரோல் என்ஜின் எடுத்துக்கொள்ளும். மூன்று வருட லீஸில் எடுத்திருந்தோம். கிரகோரிக்குச் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. சிங்கப்பூர் போகும் எல்லைப் பாலத்து நெரிசலில் கார் எடுத்துப் போனால் வேலை முடியும் நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம் என்று விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். காரோ ஜோகூர் தம்போயில் எங்கள் வீட்டு போர்ச்சில் உறை போட்டுக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு பத்து பாகாட்டில் என் அக்கா ஃபெலிசியா வீட்டுக்குப் போகும். அவ்வளவுதான் அதற்கு வேலை என்று அவர் நினைத்திருந்தார்.

நான் ஓட்டக்கூடாது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. "லீஸ் வண்டி கத்தரின், கீறல் விழுந்தா நம்ம தலையில," என்று மட்டும் சொன்னார். பல வருடத்துக்கு முன் பழைய வண்டியை நான் கேட் தூணில் கொண்டுபோய் இடித்தேன். அந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாணம் இல்லை, ஞானஸ்நான விருந்து இல்லை. சொல்லும்போது தூண் ஆடியதையும் ஆடிக்காட்டுவார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சட்டி பானையைக் கொஞ்சம் பலமாக வைப்பேன்.

பழைய வண்டியில் என்னைப் பயமுறுத்தியது சத்தம்தான். கால் வைத்ததும் அது போட்ட கூச்சலில் எனக்குக் கை கால் ஓடாது. இந்த வண்டி சத்தமே போடாது என்றார்களே, அது எப்படி என்று பார்க்கத்தான் ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லை போலிருக்கிறது என்று கியரை மாற்றி லேசாகக் கால் வைத்தால் வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அங்கம்மா துணி உலர்த்திக்கொண்டே என்னைப் பார்த்தாள். இறங்கி உள்ளே போய்விட்டால் கேவலம் என்று கேட்டைத் திறந்து, எங்கள் குடியிருப்பான தாமானை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

திரையில் தொண்ணூறு என்று ஓர் எண் இருந்தது. இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர் மின்சாரத்திலேயே போகலாமாம். அப்படியானால் நாற்பது போய்விட்டு நாற்பது திரும்பலாம். நாற்பது கிலோமீட்டரில் அப்படி என்னதான் இருக்கிறது? இருபத்தாறு வருடமாக இதே ஊரில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

ஒருநாள் பெக்கான் நானாஸ், ஒருநாள் கேலாங் பாத்தா, ஒருநாள் கூலாய் தாண்டி செடெனாக். யாரையும் பார்க்கப் போகவில்லை, ஒன்றும் வாங்கப் போகவில்லை. மெயின் ரோட்டிலிருந்து ஒரு சின்ன ரோடு பிரிந்தால் அது எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். சில ரோடு செம்பனைத் தோட்டத்துக்குள் போய் ஒரு கேட்டில் முடியும். சில ரோடு ஆற்றில் முடியும். செடெனாக் பக்கம் சன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்களைப் பார்த்தேன். காவலாளியிடம் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஆள் கொஞ்சம்தான், கம்ப்யூட்டர்கள்தான் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கின்றன என்றார். வீடு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வந்ததும் சார்ஜ் போடுவேன். கிரகோரி வரும்முன் கேபிளைக் கழற்றி, அவர் சுற்றும் விதமாகவே சுற்றி மாட்டி, உறையும் போட்டுவிடுவேன். பெட்ரோல் முள்ளை மட்டும் அசைய விடமாட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு கிரகோரிதான் முள்ளைப் பார்த்து, குறைந்திருந்தால் பெட்ரோல் ஊற்றுவார். கரண்டு பில் கூடியது. பழைய ஃபிரிட்ஜ்தான் இழுக்கிறது என்று அவரே கண்டுபிடித்து, புது ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டார். அங்கம்மாவுக்கு மட்டும் பெக்கான் நானாஸிலிருந்து அவ்வப்போது அன்னாசி போகும். அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஒரே ஒரு குறை இருந்தது. பத்து பாகாட் நூற்று முப்பது கிலோமீட்டர். "ஒருநாளு கிளம்பி வாயேன்டி," என்பாள் அக்கா. அந்த வழி எனக்குத் தெரியும், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போகிற வழிதான். ஆனால் கிரகோரி எங்கேயும் நிறுத்தமாட்டார். ஆயர் ஹீத்தாமில் மண்பாண்டக் கடைக்குப் பின்னால் ஒரு ரோடு இறங்கும். ஒவ்வொரு வருடமும் தலையைத் திருப்பி அதைப் பார்ப்பேன்.

இந்த நிலையில்தான் லீஸ் முடிய ஒரு மாதம் இருக்கிறது என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம், இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம், இல்லையென்றால் மிச்ச விலையைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம். கிரகோரி யோசிக்கவே இல்லை.

"குடுத்துடலாம். நிக்கிற வண்டிக்கு எதுக்கு மாசாமாசம் தண்டம்? கோயிலுக்கு ஜோனதன் கூடப் போய்க்கலாம்," என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நிற்கிற வண்டிதானே. நிற்கவில்லை என்று எனக்கும் அங்கம்மாவுக்கும்தான் தெரியும். அன்று துணி மடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு காருக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. காருக்காக இல்லை. இனி எந்த ரோடு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும்.

சனிக்கிழமை வண்டியைப் பார்வையிட லோஷினி வந்தாள். லீஸ் கம்பெனிப் பெண். சர்வீஸ் நேரத்தில் வண்டியை எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் அவள்தான். கதவு, டயர், சீட் எல்லாம் பார்த்தாள். உள்ளே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தவள் முகம் சுருங்கியது.

"அங்கிள், லிமிட் தாண்டிருச்சு. லீஸுல நாப்பதாயிரம் கிலோமீட்டர்தான். இது நாப்பத்தி மூவாயிரம் ஓடியிருக்கு."

"யாரு, இதுவா?" கிரகோரி சிரித்தார். "பாப்பா, இது கோயிலுக்குப் போற வண்டி. ரோமாபுரிக்குப் போய்ட்டு வந்தாலும் அவ்வளவு வராது."

லோஷினி இறங்கி அவரை உட்காரவைத்துக் காட்டினாள். அவர் சிரிப்பு நின்றது. திரையில் எப்போதும் பேட்டரியையும் பெட்ரோலையும் மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு மெதுவாக வெளியே வந்தார்.

"சர்வீஸுக்கு நீதானே எடுத்துட்டுப் போன?"

"ஆமா அங்கிள்."

"ஒவ்வொரு தடவையும் எத்தன நாள் வச்சிருந்த? எங்கெல்லாம் ஓட்டுன?"

"அங்கிள், ஒர்க்‌ஷாப்புக்கு மட்டுந்தான் போனேன். சத்தியமா."

"உன் பாஸ் நம்பர் குடு. நான் பேசிக்கிறேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் வேறு யாரும் ஓட்டியிருக்க முடியாது. அந்தப் பெண் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேலை போயிரும் அங்கிள்," என்றாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி போகும், அவள் வேலையும் போகும், என் பெயர் மட்டும் நல்லபடியாக இருக்கும்.

"அந்தப் பொண்ண விடுங்க. நான்தான் ஓட்டுனேன்," என்றேன்.

கிரகோரி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ சும்மா இரு. அவளுக்குப் பாவம் பாத்து நீ ஒண்ணும் பழி ஏத்துக்க வேணாம்," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், நம்பவே இல்லையே. அவர் கையிலிருந்த சாவியை வாங்கினேன். கண்ணாடிகளைச் சரி செய்தேன், பின்னால் பார்த்து எடுத்தேன். அந்தப் பழைய தூண்கள் இரண்டும் இரு பக்கமும் ஒரே அளவாக விலகிப் போயின. தாமானைச் சுற்றி வந்து, பின்பக்கமாகவே போர்ச்சுக்குள் ஏற்றி, உறை போட வசதியாக அவர் நிறுத்தும் அதே இடத்தில் நிறுத்தினேன். எதிர்வீட்டில் அங்கம்மா துணியைப் பிழிந்தது பிழிந்தபடி நின்றாள்.

"அலமாக்," என்று வாயைப் பிளந்தார் கிரகோரி.

லோஷினிதான் பேசினாள். திருப்பிக் கொடுத்தால் கூடுதலாக ஓடிய தூரத்துக்குக் கட்டவேண்டும், வாங்கிக்கொண்டால் அது கிடையாது, ஒரு வாரத்தில் முடிவு சொல்லுங்கள் என்றாள். கிரகோரி அவளிடம், "மன்னிச்சிக்கம்மா, தப்பா பேசிட்டேன்," என்றார். கேட் வரை போய் அவளை வழியனுப்பினார்.

அன்றும் மறுநாளும் என்னோடு பேச்சு இல்லை. கோவிலிலும் யாரோடும் நின்று பேசவில்லை. ஞாயிறு இரவு சாப்பிடும்போது ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது?"

"அதுவும் நான்தான்."

"பழசு நல்லாத்தான் இருந்துச்சு," என்று முனகினார்.

தட்டைக் கழுவி வைத்தவர் திரும்பினார். "மூணு வருஷமா எங்கதான் போன?"

சொன்னேன். அவர் நம்பாத முகத்தோடு தொடங்கினார். செடெனாக் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சன்னலே இல்லையா? ஒண்ணு கூடவா?" என்றார். காவலாளி எந்த ஊர்க்காரர் என்று கேட்டார். கேலாங் பாத்தாவில் ஆற்றில் முடிகிற ரோட்டில் படகு இருந்ததா என்று கேட்டார். நாற்பது வருடமாக ஜோகூரில் இருக்கிற மனிதர், பாலத்தையும் கிடங்கையும் தவிர அவரும் ஒன்றும் பார்த்ததில்லை. கோபத்தை எங்கே வைத்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அப்ப பத்து பாகாட்டுக்கும் போயிருப்ப."

"போகல. ஆயர் ஹீத்தாம் மண்பாண்டக் கடைக்குப் பின்னால எறங்குற ரோட்டையும் இன்னும் பாக்கல."

"ஏன்? அக்கா வீடாச்சே. அங்கதானே மொத போயிருக்கணும்?"

"பேட்டரி பத்தாதுங்க. பெட்ரோல் செலவாகும்."

"ஆனா என்ன?"

"முள்ளு எறங்கினா உங்களுக்குத் தெரிஞ்சிரும்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய், ஏற்கெனவே கழுவின தட்டை மறுபடியும் கழுவினார்.

அந்த வாரமே வண்டியை வாங்கிக்கொள்வதாக லோஷினிக்குச் சொல்லிவிட்டார். கணக்குப் பார்த்தாலும் அதுதான் சரி என்று என்னிடம் சொன்னார். அது கணக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் ஜோனதன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்கப் போறேன்னு சொன்ன, இப்ப வாங்கிட்டியாமே. அந்த பேட்டரி அவ்வளவு நல்லதா?"

"பேட்டரி உன்னோடது மாதிரிதான் லா. குறையத்தான் செய்யுது," என்றார் கிரகோரி. என் பக்கம் கையைக் காட்டினார். "ஓட்டுற ஆளுதான் கெட்டிக்காரி."

ஜோனதனுக்குப் புரியவில்லை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. திரும்பும் வழியில் கிரகோரி, முதல் ஞாயிறு இல்லாதபோதும், பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தி, டேங்க் நிறைய ஊற்றினார். சாவியை என் கைப்பையில் போட்டார்.

"நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வா. நான் வரல, எனக்கு வேலை இருக்கு. அந்த ரோட்டுலயும் எறங்கிப் பாத்துட்டு வா," என்றார்.

போய்வந்தேன். திங்கட்கிழமை அவர் வரும்போது வண்டி போர்ச்சில் உறை போடாமல் நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கார் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். பெட்ரோல் முள் கால்வாசி இறங்கியிருந்தது.

"குறைஞ்சிருக்கு," என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஹெல்மெட்டோடே படியில் உட்கார்ந்தார். "சரி, சொல்லு. மண்பாண்டக் கடைக்குப் பின்னால என்ன இருக்கு?"