சுகுமாறனின் பிரியாவிடை

சுகுமாறன் அணுமின் பொறியியல் படித்தவர். பட்டத்தோடு ஊர் திரும்பியபோது அரசாங்கம் அணுமின் நிலையம் கட்டும் ஆசையில் இருந்தது. பிறகு ஆட்சி மாறியது, ஆசையும் மாறியது. சும்மா இருக்க முடியாமல் பிரிக்ஃபீல்ட்ஸில் நாகையாவின் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அணு இன்ஜினியர் என்றே போட்டுக்கொண்டார்.

போன மாதம் ஓர் அமைச்சர், அணுமின்சாரத்தை மறுபடியும் பரிசீலிக்கலாம் என்று டிவியில் சொன்னார். அதைக் கேட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முடிவுகட்ட இந்த நாட்டில் ஒரே ஒரு மேதையால்தான் முடியும். மேதை மறுநாளே வேலையை விடுவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டார். மனைவி நித்யாவிடம் மூச்சுவிடவில்லை. புது வேலையோடு போய் அசத்தலாம் என்று நினைப்பு. அதுவரை அடுப்பு எதை வைத்து எரியும் என்ற சின்ன விஷயம் அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

கடைசி நாள் மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பிரியாவிடை. ஆபீஸ் கிளார்க் புனிதா எல்லோரிடமும் வசூல் செய்து, சுவர்க் கடிகாரம் ஒன்றை ரிப்பன் கட்டிக் கொடுத்தாள். சுகுமாறன் எழுந்து நாட்டின் எரிசக்தி எதிர்காலம் பற்றிப் பேசினார். சோறு ஆறியது. பேச்சு சூடுபிடித்த நேரத்தில் ஒவ்வொருவராகக் கைப்பேசியைப் பார்த்துவிட்டு இலைப்பக்கம் குனிந்துகொண்டார்கள். கடைசியில் அவரும் எடுத்துப் பார்த்தார். அமைச்சர் விளக்கம் கொடுத்திருந்தார். இப்போதைக்கு வெறும் ஆய்வுதானாம், எந்த முடிவும் எடுக்கவில்லையாம்.

சுகுமாறன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். உட்கார்ந்தார். நித்யாவின் முகம்தான் கண்முன் வந்தது.

நாகையா ரசத்தைக் குடித்து முடித்து, எதுவுமே நடக்காத மாதிரி கேட்டார். "சுகு, செராஸ் பிளாட்ல லிஃப்ட் பாதில நிக்குதாம். திங்கக்கெழம யாரு போறது?"

சுகுமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி வெட்கம், பாதி நிம்மதி.

"நானே போறேன் பாஸ்."

நாகையா தலையாட்டிவிட்டு இலைக்குப் பாயசம் கேட்டார். புனிதா மெதுவாகச் சாய்ந்து, கையை நீட்டினாள்.

"அண்ணே, அந்தக் கடிகாரத்த குடுங்க லா. அடுத்த வாட்டி அமைச்சர் பரிசீலிச்சா புதுசா வாங்க வேணாம்."

மேசையே சிரித்தது. சுகுமாறனும் சிரித்தார். ஆனாலும் ரிப்பன் கசங்காமல் பார்த்துத்தான் கொடுத்தார்.