நாலு மணி வரைக்கும்

“கம்பெனி ஆளா பேசறியா, மச்சினியா பேசறியா?”

“நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு சொல்லுங்க அத்தான். அதை வெச்சு முடிவு பண்றேன்.”

அக்காள் கணவர் சிரித்தார். இருபத்தாறு வருடம் செய்தித்தாள் நிருபர். பத்திரிகை அச்சை நிறுத்திய பிறகு ஒரு கைபேசியையும் ஒரு முக்காலித் தாங்கியையும் வைத்துக்கொண்டு வீட்டு மாடி அறையிலிருந்து செய்தி சொல்கிறார். பார்ப்பவர்கள் மூவாயிரம் பேர் இருந்தால் அதிகம். அதே பத்திரிகையில் அவருக்கு எதிர் மேசையில் இருந்தவள் இவள். காற்று மாறுவதை முன்னாலேயே மோப்பம் பிடித்து, குக்கர் கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரியாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப கம்பெனி ஆளாவே கேளு. உங்க புது குக்கர் பதினோரு வீட்டுல வெடிச்சிருக்கு. ஒரு அம்மாவுக்குப் பாதி முகம் போச்சு. மூடியில இருக்கற வால்வு சரியில்லன்னு உங்க பரிசோதனைக்கூடத்து ஆளே ஆறு மாசம் முன்னாடி எழுதின கடிதம் என் கையில இருக்கு. பதினோரு மணிக்குப் போடப்போறேன். அதுக்கு முன்னாடி உங்க பதில் வேணும்.”

கடிதம் உண்மை. அவளும் படித்திருக்கிறாள். மணி பத்து.

“நாலு மணி வரைக்கும் பொறுங்க அத்தான். முழுப் பதிலா வாங்கித் தரேன்.”

“தருவியா?”

“தரேன்.”

“சரி, நாலு.”

அவ்வளவுதான் பேச்சு. எதிர்த்தரப்பைக் கேட்காமல் போடக்கூடாது. நேரம் ஒத்துக்கொண்டால் ஒரு நிமிடம் முன்னால்கூடப் போடக்கூடாது. இரண்டு பேருமே அந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள். அவளுடைய பட்டியலில் இப்போது முந்நூறு ஊடகக்காரர்கள் இருக்கிறார்கள். போட்டுவிட்டுத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் விளம்பரம் கேட்டு.

குக்கர்களைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு வரியாவது வாங்கிவிடலாம் என்று நம்பித்தான் இயக்குநர் அறைக்குப் போனாள். அவள் வயதில் பாதி இருப்பார் அவர்.

“நாலு மணி வரைக்கும் போடவே மாட்டாரா? நடுவுல மாத்திட்டா?”

“மாத்த மாட்டார் சார். தலையே போனாலும் சொன்னா சொன்னதுதான்.”

பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இயக்குநரின் முகம் தெளிந்துவிட்டதைப் பார்த்ததும்தான் வாயை விட்டுவிட்டோம் என்று உறைத்தது.

“அப்ப ஆறு மணி நேரம் நம்ம கையில இருக்கு மேடம். நம்மகிட்ட காசு வாங்கிட்டு சமையல் வீடியோ போடறவங்க நாப்பது பேர் இருக்காங்கல்ல? குக்கர் ஏன் வெடிக்குது, வால்வைக் கழுவாததாலன்னு மதியத்துக்குள்ள எல்லாரும் பேசட்டும்.”

“அது பொய் சார்.”

“வால்வைக் கழுவணும்ங்கறது பொய்யா?”

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

“உங்களுக்குக் கஷ்டமா இருந்தா கீழ இருக்கற பொண்ணு எழுதுவா. நீங்க ஓய்வு பெற எத்தனை வருஷம் இருக்கு?”

“மூணு.”

“அவ்வளவுதானே” என்றார் அவர், ஆறுதல் சொல்வதுபோல.

அவளே எழுதினாள். பழகிய கை. பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. உச்சிப்பொழுதுக்குள் நாற்பது அடுக்களைகளிலிருந்து நாற்பது பேர் சிரித்துக்கொண்டே வால்வைக் கழுவினார்கள். ஒருவன் எங்கிருந்தோ அந்த அம்மாவின் அடுப்படிப் படத்தைப் பிடித்துவந்து, எண்ணெய்ப் பிசுக்கை வட்டம் போட்டுக் காட்டினான். அதைத்தான் ஊர் அதிகம் பார்த்தது.

ஒன்றரை மணிக்கு அக்காள் கூப்பிட்டாள்.

“ஏண்டி, உங்க அத்தான் சோத்துல கை வைக்காம கடிகாரத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கார். ஊரே அந்தப் பொம்பளையை அழுக்கு மூட்டைன்னு ஏசுது. இப்பவே போட்டுத் தொலைங்களேன்னு சொன்னா, உன் தங்கச்சிகிட்ட நாலுன்னு சொல்லிட்டேன்கறார். நீ ஒரு வார்த்தை சொல்லேன், போடச் சொல்லி.”

ஒரே ஒரு வார்த்தை.

“மீட்டிங்ல இருக்கேன்க்கா.”

அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

சரியாக நாலு மணிக்கு அத்தான் கூப்பிட்டார். “பதில்?”

“எங்கள் தயாரிப்புகள் அனைத்தும் உரிய தரச் சோதனைகளுக்கு உட்பட்டவை. வாடிக்கையாளர்கள் பயன்பாட்டுக் கையேட்டைக் கவனமாகப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

“மெதுவா சொல்லு. கவனமாக… அப்புறம்?”

“பின்பற்றுமாறு.”

காகிதத்தில் பேனா ஓடுவது கேட்டது.

“ஒரு எழுத்து விடாம வாசிச்சிடறேன். மதியம் அந்த நாப்பது பேருக்கு எழுதிக் குடுத்தது யாரு?”

அவள் அந்த அறிக்கைத் தாளை இரண்டாக மடித்தாள்.

“நீதான். வேற யாரு எழுதினாலும் இவ்வளவு நல்லா வராது” என்று வைத்துவிட்டார்.

நாலு பத்துக்கு வீடியோ வந்தது. கடிதத்தைக் காட்டினார், அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னார், கடைசியில் கம்பெனியின் பதிலை நிறுத்தி நிதானமாக வாசித்தார். கீழே முதல் ஆள் எழுதியிருந்தான்: ‘எல்லாரும் மதியமே பேசி முடிச்சாச்சு. நீங்க எந்தக் கம்பெனிக்குக் கூவறீங்க தாத்தா?’ அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு முகங்கள்.

இயக்குநரிடமிருந்து செய்தி வந்தது: ‘பிரமாதம் மேடம். இந்த நாலு மணி உத்தியைச் சனிக்கிழமை எல்லாக் கிளைகளுக்கும் நீங்களே வகுப்பா எடுத்துடுங்க.’

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆறு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

“கோவமா அத்தான்?”

“கோவப்பட்டு என்ன ஆகப்போகுது. அந்த அம்மாவோட பொண்ணு கூப்பிட்டா. எல்லாம் கையில வெச்சுக்கிட்டு நாலு மணி வரைக்கும் ஏன் சும்மா இருந்தீங்கன்னு கேட்டா. கம்பெனிக்குப் பதில் சொல்ல நேரம் குடுத்தேம்மான்னேன். அவளுக்கு அது விளங்கல. அவகிட்ட சொல்லும்போது எனக்கே விளங்கல. இனிமே யாரையும் கேட்டுட்டுப் போடறதா இல்ல.”

“அப்படிச் சொல்லாதீங்க அத்தான்.”

“ஞாயித்துக்கிழமை சாப்பிட வரியான்னு உங்கக்கா கேக்கச் சொன்னா. வேலை இருந்தா வர வேண்டாம்.”

“இருக்கு அத்தான்” என்றாள்.