பல்லில் கடிபட்ட மண்

நிலக்கடலைக்கு நேராக ‘பயமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மெட்ராஸ் அதிகாரியைத் தேடிப்போய்க் குறை சொல்ல வேண்டாம்.

என் பெயர் சாகிரா. 1986-இல் எனக்கு முப்பத்திரண்டு வயது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை, ஒரு மைக்ரோஸ்கோப், கால் ஆடும் ஒரு ஸ்டூல், இவ்வளவுதான் என் ஆபீஸ். கடலோர நகரம் ஒன்றில் சாக்கடையைச் சுத்தம் செய்யும் நிலையம் இருந்தது. தண்ணீரைப் பிரித்த பிறகு மிஞ்சும் கசடைக் காயவைத்து, லாரியில் ஏற்றி, எங்கள் பக்கத்து மானாவாரி நிலங்களுக்கு எருவாகக் கொடுத்துப் பார்ப்பது ஒரு சர்க்கார் திட்டம். அந்த எருவிலும் அது விழுந்த மண்ணிலும் என்னென்ன கிருமி இருக்கிறது, அதில் எவ்வளவு மனுஷர் வாய்க்குள் போகும், போனால் யாருக்கு என்ன வரும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஊரில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. வீட்டில் தாஹிரா, என் தங்கை, சோற்றுத் தட்டைக் கொடுக்கும் முன் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி மோந்து பார்ப்பாள்.

மெட்ராசிலிருந்து ஓர் அட்டவணை வந்திருந்தது. கீரை, முள்ளங்கி, தக்காளி எல்லாம் பச்சையாகத் தின்னக்கூடியவை, ஆகவே ஆபத்து. நெல்லும் கேழ்வரகும் வெந்துவிடும். நிலக்கடலை ஓட்டுக்குள் இருக்கிறது, உரித்து வறுத்துத்தான் தின்பார்கள், ஆகவே பயமில்லை. இதைச் சரிபார்க்க ஒரு கேள்வித்தாளும் கூடவே வந்தது. நிலத்தில் வேலை செய்யும்போது எதையாவது சாப்பிடுவதுண்டா என்பது ஒன்பதாவது கேள்வி. அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பதினெட்டுப் பெண்களை உட்காரவைத்துக் கேட்டேன். பதினெட்டுப் பேரும் இல்லை என்றார்கள். காலையில் கூழ் குடித்துவிட்டு வருகிறோம், மத்தியானம் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பாடு என்றார்கள். செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் அந்தப் பதிலில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

என் கையெழுத்தை நம்பித்தான் அந்தக் கிராமத்து விவசாயி அடைக்கலராஜ் அண்ணன் தன் இரண்டு ஏக்கரிலும் லாரி எருவை இறக்கினார். அந்த ஊரில் வேறு யாரும் அதைத் தொடவில்லை. பக்கத்து நிலத்து ராஜாங்கம் வரப்பில் நின்று, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தன் கொல்லையில் (எங்கள் பக்கம் புன்செய் நிலத்துக்கு அதுதான் பேர்) ஆட்டுக்கிடை எரு தவிர வேறொன்றும் விழுந்ததில்லை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். உண்மையில் அந்த எருவில் நாற்றமே கிடையாது. காய்ந்த வண்டல் மாதிரி கையில் உதிர்ந்தது. ஆனியில் எரு இறைத்து, ஆடியில் விதைத்து, ஐப்பசியில் செடியைப் பிடுங்கியபோது, ராஜாங்கம் தானாகவே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். காய் அப்படிப் பிடித்திருந்தது.

அந்த அறுவடை நாளில் மண் எடுக்கப் போனேன். எரு போட்ட நிலத்திலிருந்து ஒரு பை, ஒப்பிட்டுப் பார்க்க எரு போடாத ராஜாங்கம் நிலத்திலிருந்து ஒரு பை. முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்தது. பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குந்திப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் மனைவி ராயம்மாள் ஒரு செடியைப் பிடுங்கி, இரண்டு உதறு உதறி என் கையில் கொடுத்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. வரப்பில் உட்கார்ந்து, ஒரு காயைப் பல்லில் வைத்து உடைத்து, பருப்பை உள்ளே தள்ளி, ஓட்டைத் துப்பினேன். பால் மாறாத பச்சைக் கடலை, என்ன ருசி. ஆறாவது காயில் பல்லுக்கிடையே மண் நறநறத்தது. மடியில் மண் பை இருந்தது. அதன்மேல் ‘கசடு இட்ட நிலம்’ என்று என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தார்கள். கை ஒரு பக்கம் பிடுங்க, வாய் ஒரு பக்கம் உடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தியின் உதட்டோரத்திலும் செம்மண். இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று ராயம்மாளைக் கேட்டேன்.

“இது இன்னா சாப்பாடா டாக்டரம்மா? மல்லாட்டை புடுங்கறப்போ வாயில போட்டுக்கறது. இதையுமா எழுதிக்குவாங்க?”

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. என் அம்மா தின்றதும் நான் சிறுவயதில் தின்றதும் இப்படித்தான். எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம்; அதைப் பிடுங்கும் நாளில் வாய் சும்மா இருந்தால் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்பார்கள். அட்டவணை போட்டவருக்கு அது தெரியாது, மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். பேனாவைப் பிடித்ததும் மறந்துபோயிருந்தேன்.

கூட்டத்திலேயே அதிகம் தின்றது ரஞ்சிதம். அடைக்கலராஜ் அண்ணனின் மருமகள், நாலு மாதக் கர்ப்பிணி. சோற்றைக் கண்டால் குமட்டுகிறது, பச்சை மல்லாட்டை மட்டும்தான் இறங்குகிறது என்று மடி நிறையப் போட்டுக்கொண்டு உடைத்தாள்.

அவளைப் பார்த்ததும் கையிலிருந்த செடியைக் கீழே போட்டேன். அந்த எருவில் நாக்குப்பூச்சி முட்டைகள் இருப்பது எனக்கு முன்பே தெரியும். அந்த முட்டை உயிரோடு வயிற்றுக்குள் போனால் புழுவாகி, சாண் நீளம் வளர்ந்து, நாம் தின்பதையெல்லாம் அது தின்னும். செத்த முட்டை வெறும் தூசி, ஒன்றும் செய்யாது. மல்லாட்டை மண் யார் வாய்க்கும் போகப்போவதில்லை என்ற தைரியத்தில், அவை உயிரோடு இருக்கின்றனவா செத்தவையா என்று நான் பார்க்கவே இல்லை. மற்றப் பெண்களுக்கு ஒரு மாத்திரையில் சரியாகிவிடும். பிள்ளைத்தாச்சிக்குப் பூச்சி மாத்திரை எழுத எந்த டாக்டரும் யோசிப்பார்.

அங்கேயே அடைக்கலராஜ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பயமில்லை என்று நான் எழுதியது தப்பு. இப்போது பயம் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. முட்டைகளைத் தண்ணீரில் வைத்துப் பார்க்க நாலு வாரம் ஆகும். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“எங்களுக்கு இன்னா வந்தாலும் பாத்துக்கலாம்மா,” என்றார். “இந்தப் பொண்ணுக்கு இன்னா வழி?”

எனக்குத் தோன்றிய வழியைச் சொன்னேன். மற்றவர்கள் காயைக் கழுவித் தின்ன வரப்பில் ஓர் அண்டா தண்ணீர் வைக்க வேண்டும். ரஞ்சிதம் இந்த நிலத்தில் கால் வைக்கக் கூடாது. மறுநாள் ராஜாங்கம் நிலத்தில் அறுவடை, கூலிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவளை அங்கே அனுப்புங்கள், அங்கே பயமில்லை என்றேன்.

மெட்ராசுக்கு அன்றே கடிதம் போட்டேன். பதினெட்டுப் பெண்களும் இல்லை என்று சொல்லியிருக்க, தின்கிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி பதில் எழுதினார். நானே ஆறு காய் தின்றேன், அதுதான் ஆதாரம் என்று திருப்பி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

இரண்டு நிலத்து மண்ணையும் கழுவி, முட்டைகளைப் பிரித்து, இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்தேன். உயிருள்ள முட்டை என்றால் நாலு வாரத்தில் அதற்குள் ஒரு குட்டிப் புழு சுருண்டு கிடப்பது தெரியும். அந்த நாலு வாரமும் நான் யாரிடமும் நல்ல முகமாகப் பேசவில்லை. கீழே சைக்கிள் கடைக்காரர் பெல் அடித்துப் பார்த்தால்கூட மாடியிலிருந்து சத்தம் போட்டேன். ஒவ்வொரு தொழுகையிலும், பூச்சி முட்டைகளைச் சாகடித்துவிடு என்று அல்லாவிடம் துஆ கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இருபத்தெட்டாம் நாள் காலை முதல் கிண்ணத்தைப் பார்த்தேன். அடைக்கலராஜ் அண்ணன் நிலத்து முட்டைகள் நாற்பத்து மூன்று. அத்தனையும் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன. ஒன்றில்கூட உயிர் இல்லை. இரண்டு முறை பார்த்தேன். அந்த எரு லாரியில் ஏறும் முன் இரண்டு முழுக் கோடை வெயிலில் கிடந்தது என்று நிலையத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள், அது வீண் போகவில்லை. சந்தோஷம் தாங்காமல் சைக்கிள் கடைக்காரருக்கும் சேர்த்து டீ வாங்கி வரச் சொன்னேன்.

டீயைக் குடித்துக்கொண்டே, கடமைக்கு, இரண்டாவது கிண்ணத்தையும் பார்த்தேன். ராஜாங்கம் நிலத்து மண். ஏழே ஏழு முட்டைகள். ஐந்தில் புழு இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று புரண்டது.

டீ அப்படியே ஆறிப்போனது. அந்த நிலத்துக்கு மேலே ஏரிக்கரை. ஊரே விடிகாலையில் ஒதுங்குவது அங்கேதான். மழை பெய்தால் கரையில் கிடப்பதெல்லாம் ராஜாங்கம் கொல்லையில்தான் இறங்கும். பட்டணத்துக்காரர் கழித்தது வெயிலில் செத்துவிட்டது. நம் ஊரார் கழித்தது உயிரோடு இருக்கிறது. பிள்ளைத்தாச்சியை நான் அங்கே அனுப்பியிருக்கிறேன், அதுவும் பயமில்லை என்று சொல்லி.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். நான் போனபோது ரஞ்சிதம் வாசலில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகவே தெரிந்தது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார் நிலத்தில் தின்றதால் ஒன்றும் வராது. ராஜாங்கம் நிலத்துக்கு உன்னை அனுப்பியது நான், தப்பு என்னுடையது என்றேன். அங்கே எத்தனை நாள் வேலை, எவ்வளவு தின்றாய் என்று கேட்டேன்.

“நாலு நாளுக்கா. ஆனா ஒரு கொட்டைகூட வாயில வெக்கல. அத்தை பக்கத்துலயே குந்திக்கினு இருந்தாங்க. கூலிக்கு வந்த மல்லாட்டையக்கூட வூட்டுல கழுவி அவிச்சுத்தான் குடுத்தாங்க.”

அரிசி முறத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் ராயம்மாள் உள்ளேயிருந்து வந்தார். அங்கே பயமில்லை என்று நான்தான் சொல்லியிருந்தேனே, பிறகு ஏன் தின்ன விடவில்லை என்று கேட்டேன்.

ரஞ்சிதம் முறத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“கோச்சுக்காதீங்க டாக்டரம்மா,” என்றார் ராயம்மாள். “எங்க கொல்லைக்கும் நீங்க அப்படித்தானே சொன்னீங்க?”

கோபித்துக்கொள்ள எனக்கு எங்கே நேரம்? அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. என் பேச்சை ஒருத்தர் நம்பாமல் போனதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.