விழ மறுத்த விரிசல்

விரிசல் என்பது காலம் தன் கைப்பட இடும் ஒப்பம். வழவழப்பு பொய், பிளவே மெய். உடைந்ததை அணிபவளே உலகத்தை அணிகிறாள்.

இந்த வாக்கியங்கள், பழையது போலத் தெரிவதற்காகவே பழுப்பு நிறத்தில் வாங்கிய புத்தம்புது அட்டையில் அச்சாகி, கட்டுக்கட்டாகப் பின்னறை அலமாரியில் தயாராக இருந்தன. தயாராக இல்லாதது விரிசல் ஒன்றுதான்.

எழுதியவள் டிசைனர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பாலிமர் களிமண்ணில் தோடும் பதக்கமும் செய்ய ஆரம்பித்த சூட்டோடு சூடாக, பெயருக்குக் கீழே 'டிசைனர்' என்று போட்டு விசிட்டிங் கார்டு அடித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவள் டிசைனர்தான். "டிசைனர், அடுப்புல பால் பொங்குது பாரு" என்பார் மாமியார். இதனால் தன் மரியாதை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று அவளால் இன்னும் முடிவு கட்ட முடியவில்லை.

விரிசல் விவகாரம் கடைக்காரம்மாவிடம் தொடங்கியது. கடைத்தெருவின் முனையில் கைவினை நகைகளுக்கென்றே ஒரு கடை வைத்திருந்த அந்த அம்மாள், பொருள் விற்பதாக ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார். "நான் கதை விக்கிறேன்" என்பார். டிசைனர் கொண்டுபோன பூப்போட்ட தோடுகளை விரல் நுனியால் தள்ளிவிட்டு, "எல்லாரும் இதே மாதிரி வழவழன்னு பண்றாங்கம்மா. எனக்கு விரிசல் வேணும். நூறு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து எடுத்த மாதிரி. பண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

"விரிசல்தானே மேடம் என் ஸ்பெஷாலிட்டி" என்றாள் டிசைனர். அதுவரை அவள் செய்ததில் விரிசல் விட்டதெல்லாம் தவறி விட்டதுதான். அவற்றைக் கண்ணில் படாமல் குப்பையில் போட்டிருந்தாள்.

"அப்போ ஒரு அலமாரித் தட்டு உங்களுக்கு. மாசக் கடைசிக்குள்ள ஒண்ணாவது விக்கணும். விக்கலேன்னா தட்டு அடுத்த ஆளுக்கு."

ஆனால் தட்டு போனால் தட்டோடு போகாது. அவள் வேலை செய்யும் பின்னறையும் போகும்.

அந்தப் பின்னறைக்கு இன்னொரு உரிமைக்காரன் முளைத்திருந்தான். அவளுடைய கொழுந்தன் உடம்பைக் குறைக்கிறேன் என்று ஓடும் மெஷின் ஒன்றை வாங்கி, கூடத்தின் நட்டநடுவில் நிறுத்தியிருந்தான். அவன் அதில் ஓடியதைக் கண்டவர் குறைவு. ஈரத்துணி மட்டும் தவறாமல் அதில் காய்ந்தது. மாமியாருக்குத் துணியைப் பற்றிக் கவலையில்லை. டிவி மறைந்துபோனதுதான் பொறுக்கவில்லை.

"நாடகத்துல பாதி ஆளுங்கதான் தெரியறாங்க. அழறது யாரு, அழ வைக்கிறது யாருன்னே புரியல. அந்த மெஷினைப் பின்ரூம்ல தள்ளு" என்றார்.

"அது என் ஸ்டூடியோ அத்தை."

"என்ன ஸ்டூடியோ? கடையில உன் சாமான் ஒண்ணு வித்துட்டா ரூம் உனக்கு, மெஷின் மொட்டைமாடிக்கு. விக்கலேன்னா மெஷின் ரூமுக்கு, நீ சமையலறை மேடைக்கு. இதுக்கு மேல பேச்சு கிடையாது."

"நான் அவசரப்படுத்த மாட்டேன் அண்ணி" என்றான் கொழுந்தன் பெருந்தன்மையாக. மறுநாளே அளவு நாடாவோடு வந்து பின்னறை வாசலை அளந்துகொண்டு போனான்.

விரிசல் விழவைப்பது சொல்வதற்குச் சின்ன வேலை. களிமண்ணைப் பிசைந்து, கைப்பிடி சுற்றும் உருளை மெஷினில் விட்டுத் தகடாக்க வேண்டும். அதன் மேல் பெயிண்ட் பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு உருளைகளின் இடைவெளியைக் குறைத்து, தகட்டை மறுபடி உள்ளே விட வேண்டும். களிமண் நீளும். காய்ந்த பெயிண்ட் நீளத் தெரியாமல் வெடிக்கும். வெடித்த இடுக்கெல்லாம் அடிநிறம் எட்டிப் பார்க்கும். இணையத்தில் நீள நகக்காரி ஒருத்தி ஒரு கையில் தேநீர்க் கோப்பையோடு செய்து காட்டினாள். "பாருங்க, தானாவே வெடிக்குது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை டிசைனர் வாழ்நாளில் மன்னிப்பதாக இல்லை.

நல்ல வேலைக்கு நல்ல பெயிண்ட் வேண்டும். அதற்கு அவள் வெளியே அலைய வேண்டியதில்லை. கணவர் பெயிண்ட் கம்பெனியில் பரிசோதகர். என்ன பரிசோதிக்கிறார் என்று அவர் கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை. அவள் களிமண்ணைப் பற்றிப் பேசும்போது அவர் தலையாட்டுவார், அவர் பெயிண்டைப் பற்றிப் பேசும்போது அவள் தலையாட்டுவாள். வீடு அமைதியாக ஓடியது அந்தத் தலையாட்டலில்தான்.

"ஏங்க, உங்க கம்பெனியில இருக்கறதிலேயே நல்ல பெயிண்டா கொண்டு வாங்க" என்றாள்.

இத்தனை வருட வாழ்க்கையில் மனைவி முதன்முறையாகத் தன் பெயிண்டைக் கேட்கிறாள் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மாலையே, பெயர் அச்சடிக்காத, எண் மட்டும் எழுதிய மாதிரி டப்பாக்கள் சிலவற்றைப் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி வந்தார். "இன்னும் மார்க்கெட்டுக்கே வரல. இதுக்கு மேல தரம் கிடையாது" என்றார். அவள் தலையாட்டினாள்.

முதல் தகடு உருளைக்குள் போய் வெளியே வந்தது. விரிசல் இல்லை. காயவில்லை போலிருக்கிறது என்று இரண்டாவதை நாள் முழுக்கக் காயவிட்டாள். அது முன்னதைவிட வழவழப்பாக வந்தது. மூன்றாவதைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் காய்ச்சினாள். களிமண் இளகி உருளையில் ஈஷிக்கொண்டது. பல்குத்தும் குச்சியால் அதைச் சுரண்டி எடுக்க ஒரு மதியமே போயிற்று. நான்காவதைக் குளிர்சாதனப் பெட்டியில், மாமியாரின் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே வைத்தாள். விறைத்துப்போன களிமண் உருளையில் இரண்டாகப் பிளந்தது. பெயிண்ட் பிளக்கவில்லை. இரண்டு துண்டுகளுக்கும் நடுவே தொட்டில்போல ஆடிக்கொண்டு நின்றது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மண்ணே உடைகிறது, இந்தச் சனியன் உடைய மாட்டேன் என்கிறது!

பழி போட இடம் தேடினாள். களிமண் பழசு என்று புதுக்கட்டி வாங்கினாள். உருளை மெஷின் மட்டம் என்று திட்டினாள். காற்றில் ஈரம் என்றாள். டிவி சத்தத்தில் கை நடுங்குகிறது என்றாள். மாமியார் சத்தத்தை இன்னும் இரண்டு புள்ளி கூட்டினார். கடைசியில் மிச்சமிருந்தது அவளுடைய கைகள்தான். அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அழுகை வந்தது. வேண்டாத நேரத்தில் கண்ணாடி டம்ளர், சீப்பு, செருப்பு வார் என்று தொட்டதையெல்லாம் உடைத்த கை, வேண்டும் என்கிறபோது ஒரு கீறலுக்கு வக்கற்றுக் கிடந்தது.

"அண்ணி, வெடிக்கலையா?" என்று கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இங்க நின்னீங்கன்னா வெடிக்கும்" என்றாள்.

விடுமுறை நாளொன்றில் கணவர் நகவெட்டியைத் தேடிக்கொண்டு பின்னறைக்குள் வந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நீலம் பூசிய தகடு நாக்கு நீட்டுவதுபோல உருளையிலிருந்து நீண்டு வந்தது. அவர் அப்படியே நின்றார். குனிந்தார். தகட்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது நான் கொடுத்த பெயிண்டா?"

"ஆமா."

"எத்தனை தடவை உள்ள விட்ட?"

"மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் குறைச்சு."

"மூணு தடவையுமா விரியல?"

"விரியலங்க" என்றாள் அவள்.

"அடி சக்கை!" என்று அவர் போட்ட கூச்சலில் கூடத்தில் டிவி சத்தம் குறைந்தது. "நாங்க தகரத்துல பூசி வளைச்சுப் பாப்போம். இப்படி இழுத்து நசுக்கிப் பாக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல பாரு! ஒரு மயிரிழை கூட இல்ல! நாலு வருஷ உழைப்பு இது. வெயில், மழை, சுவரே நகர்ந்தாலும் இது விரியாது. இரு, போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பறேன்."

டிசைனர் கைப்பிடியை விட்டாள்.

"இது விரியணும்ங்க."

"ஏன் விரியணும்?"

"அதுதாங்க வேலையே! விரிசல் விழத்தான் இத்தனை நாளா இந்த மெஷினைச் சுத்திக்கிட்டு கிடக்கேன்."

"விரிஞ்சா அது பெயிலும்மா" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"விரியாத பெயிண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்!"

"விரிசல் வேணும்னு நானும் இத்தனை நாளா சொல்லிட்டுத்தானே இருக்கேன்!"

"நீ நல்ல பெயிண்ட் வேணும்னு கேட்ட. மோசமான பெயிண்ட் வேணும்னு கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா?"

"எங்க கம்பெனியில கிடைக்காது" என்றார் அவர். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருக்கோடியில் நோட்டும் பென்சிலும் விற்கும் கடையில் போய், "இருக்கறதிலேயே மட்டமான பெயிண்ட் எது?" என்று கேட்டாள். கடைக்காரர் நல்ல பெயிண்டை எடுத்துக் காட்டினார். அவள் கையால் தடுத்தாள். மேல்தட்டில், தூசி மண்டிய பெட்டிக்குள் சிறு குப்பிகள் தெரிந்தன.

"அது வேண்டாம்மா. ஸ்கூல் பிள்ளைங்க பேப்பர்ல பூசறது. காஞ்சா வெடிச்சிடும்."

"நிச்சயமா வெடிக்குமா?"

"வாங்கினவங்க எல்லாம் திரும்பி வந்து திட்டிட்டுப் போனாங்க."

"நம்பி வாங்கலாமா?"

கடைக்காரர் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். "தாராளமா" என்றார்.

வெடித்தது. முதல் சுற்றிலேயே, நீள நகக்காரிக்கு வெடித்ததைவிட அழகாக, வறண்ட குளத்தின் அடிமண்போல வெடித்தது. அவள் கத்திய கத்தலில் மாமியார் ஓடி வந்து, தகட்டைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, கெட்டுப்போச்சா?" என்றார். எரிச்சல் அத்தோடு தீரவில்லை. வெடித்த பெயிண்ட் விரலில் நீலமாக ஒட்டியது. அதை அடக்க மேலே பூசிய வார்னிஷ் நுரைத்தது. களிமண் சுட்டு இறுகுவதற்காக ஓவனில் வைத்த முதல் ஈட்டை, ரொட்டி சூடு பண்ண வந்த மாமியார் வெப்பத்தைக் கூட்டிக் கரியாக்கினார். கணவர் மட்டும் பின்னறைப் பக்கமே வரவில்லை. சாவு வீட்டைக் கடப்பதுபோல வாசலைக் குனிந்து கடந்துபோனார்.

எப்படியோ தட்டு நிறையும் அளவுக்குத் தேறியது. கடைக்காரம்மா ஒரு பதக்கத்தைக் காதருகே வைத்துக் கேட்டார். அதில் என்ன கேட்டதோ! அட்டையை வாய்விட்டுப் படித்துக் கண்ணை மூடினார். "பிளவே மெய். இது கதைம்மா" என்றார்.

கதையை யாரும் வாங்கவில்லை. வந்தவர்கள் எடுத்துப் பார்த்து, "ஐயோ, உடைஞ்சிருக்கே" என்று வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண்மணி, தான் உடைத்ததாகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கடையைவிட்டே வேகமாக வெளியேறினாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் மாமியார், "வித்துச்சா?" என்பார். கொழுந்தன் பதில் வரும்வரை சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மெஷினின் மேலிருந்த துணிகளை மடித்து வைத்துவிட்டான். டிசைனர் களிமண் கட்டிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் ஓங்கி ஓங்கி அடுக்கினாள்.

கடைசி நாள் சாயங்காலம் கடைக்காரம்மா போன் செய்தார்.

"ஒரு பதக்கம் போயிடுச்சும்மா! யாரோ ஒருத்தர், பார்த்தா சாதாரண ஆள் மாதிரிதான் இருந்தார். உங்க தட்டு முன்னாடி ரொம்ப நேரம் நின்னார். இருக்கறதிலேயே விரிசல் அதிகமானதா பார்த்து எடுத்தார். கையில வச்சுப் பார்க்கும்போது கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. இந்தக் கடையில நான் இப்படி ஒரு ரசிகரைப் பார்த்ததில்ல."

ஓடும் மெஷின் மொட்டைமாடிக்கு ஏறியது. மாமியாருக்கு நாடகத்தில் இருந்த அத்தனை பேரும் தெரிந்தார்கள். அன்றைய சாப்பாட்டு மேசையில் டிசைனர் அந்த முகம் தெரியாத ரசிகரைப் பற்றி நீளமாகப் பேசினாள். கலை தன் ஆளைத் தானே தேடிக்கொள்ளும் என்றாள். உடைந்ததன் அழகு புரிய உள்ளே ஒரு பக்குவம் வேண்டும் என்றாள். கணவர் தலையாட்டினார்.

அந்தப் பதக்கம் இப்போது பெயிண்ட் கம்பெனியின் பயிற்சி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு, பெயிண்ட் எப்படி இருக்கக் கூடாது என்று அவர் அதைக் காட்டித்தான் பாடம் எடுக்கிறார்.