முனியப்பன் சுருட்டு

தொப்பூர் கணவாயில் இறங்குமுன் லாரியை நிறுத்தி, சாலையோர முனியப்பன் சாமிக்கு ஒரு சுருட்டைப் பற்றவைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். வாயில் வைத்து இழுத்தால்தான் அது பற்றித் தொலையும். நான் புகைப்பதை விட்டு நாற்பத்தொரு நாள் என்று செல்போன் ஆப் காட்டியது.

முதல் இழுப்பிலேயே பற்றிக்கொண்டது. வாயிலிருந்து எடுக்கத்தான் முடியவில்லை. இழுத்துக்கொண்டே நின்றேன்.

பத்து மணிக்கு வழக்கமாக வரும் வீடியோ அழைப்பு வந்தது. பழக்கத்தில் எடுத்துவிட்டேன். புகைப்பதை நிறுத்த உதவும் ஆலோசகர் சோபனா சென்னையிலிருந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"வாயில என்னங்க நவநீதன்?"

"சாமிக்குங்க மேடம்! பத்த வெக்க வேணாமா?"

"பாதி தீந்துருச்சு. சாமிக்கு எப்பங்க குடுப்பீங்க?"

அழைப்பு முடிந்ததும் ஆப் கேட்டது: 'இன்று புகைத்தீர்களா?' 'இல்லை' என்பதன் மேல் விரல் போனது. நிமிர்ந்தேன். முனியப்பன் வெறுங்கையோடு என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.